எக்ஸ்ரே எடுக்காமல் பால் பல்லைப் பிடுங்க விடாதீர்கள்

13 வயதுப் பெண்ணுக்குக் கீழ்த்தாடையில் ஒரு பால் கடைவாய்ப்பல் விழாமல் இருந்தது. "எடுத்துட்டா புதுப்பல் தானா வந்துடும்" என்று ஊசி போட்டுப் பிடுங்கிவிட்டார்கள். இரண்டு தாடையும் ஒரே படத்தில் தெரியும் ஓபிஜி எக்ஸ்ரே எடுக்கவே இல்லை. ஒன்றரை வருடமாகியும் ஈறு வெறுமையாகவே கிடந்ததால் வேறு இடத்தில் காட்டினார்கள். அடியில் பல் முளையே இல்லை, பிறவியிலேயே உருவாகவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதற்குள் பின்னாலிருந்த பெரிய பல் சாய்ந்து, எலும்பும் மெலிந்திருந்தது. முதலில் பிடுங்கியவர்களிடம் திரும்பிப் போய்க் கேட்டதற்கு, "உடனே இம்ப்ளான்ட் போடலாம்" என்று, அதாவது எலும்பில் திருகு பதித்துச் செயற்கைப் பல் வைக்கலாம் என்று, முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். அதைத் திருப்பித் தரவும் இல்லை.

அந்தப் பால் பல்லைக் காப்பாற்றியிருக்கலாம். ஞானப்பல்லை விட்டுவிட்டால், பிறவியில் அதிகம் இல்லாமல் போவது கீழ்த்தாடையின் இரண்டாவது முன்கடைவாய்ப்பல்லும், மேலே நடு முன்பல்லுக்கு அடுத்த பல்லும்தான். பால் கடைவாய்ப்பல் விழுந்த இடத்தில் முளைக்கும் இந்த முன்கடைவாய்ப்பல் 11, 12 வயதில் வரவேண்டும். ஒரு பக்கம் வந்து ஆறு மாதமாகியும் மறுபக்கம் அசைவே இல்லையென்றால் ஓபிஜி எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் 6 வயதுப் படத்தை வைத்து 'இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள். இந்தப் பல்லின் முளை சில பிள்ளைகளுக்கு 8, 9 வயதில்கூடத் தெரியவரும்.

அடியில் பல் இல்லாவிட்டாலும், வேர் கரையாத, சொத்தையில்லாத பால் பல் 30, 40 வயதுவரைகூட உழைக்கும். வாய்க்குள் பார்க்கும் சிறு கண்ணாடியின் கைப்பிடியால் பல்லை மெல்லத் தட்டிப் பார்ப்பார்கள். பக்கத்துப் பல்லைவிடக் கணீரென்று ஒலித்தால் அது எலும்போடு ஒட்டியிருக்கலாம். பிள்ளை வளர வளர அந்தப் பல் மட்டும் படிக்கட்டுபோலக் கீழே நிற்கும். ஓரிரு மில்லிமீட்டர் என்றால் மேலே கட்டி உயர்த்தலாம். தொடர்ந்து அமிழ்ந்துகொண்டே போனால்தான் எடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். அதையும் கிளிப் போடும் நிபுணர் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள், ஏனென்றால் அந்த இடத்தை மூடுவதா, வைத்திருப்பதா என்று அவர்தான் திட்டமிட வேண்டும்.

14, 15 வயதில் இம்ப்ளான்ட் கூடவே கூடாது. அதன் டைட்டானியம் திருகு எலும்போடு ஒட்டிக்கொள்ளும். தாடை வளரும்போது மற்றப் பற்கள் கூடவே நகரும், இது நகராது. சில வருடங்களில் அந்தப் பல் மட்டும் பள்ளத்தில் கிடக்கும். வயதை மட்டும் நம்பாமல், ஆறு மாதமோ ஒரு வருடமோ இடைவெளி விட்டு எடுத்த தலையின் இரண்டு பக்கவாட்டு எக்ஸ்ரேக்களை ஒப்பிட்டு, வளர்ச்சி நின்றதை உறுதி செய்ய வேண்டும்.

அதுவரை செயற்கைப் பல் வைத்த, கழற்றி மாட்டும் பிளேட் போதும். முன்பல் என்றால், பக்கத்துப் பல்லின் பின்புறம் ஒரே இறக்கையால் ஒட்டும் பிரிட்ஜும் (பக்கத்துப் பல்லில் பிடித்து நிற்கும் செயற்கைப் பல்) உண்டு. இருபுறமும் நல்ல பற்களைச் சீவி பிரிட்ஜ் போடலாம் என்றால் மறுத்துவிடுங்கள். இந்த வயதில் பல்லுக்குள் நரம்பறை பெரிது, சீவும்போது நரம்பு செத்துப்போகலாம்.

கிளிப் போட்டு இடம் பிரித்திருந்தால், கழற்றும் முன் ஒரு எக்ஸ்ரே கேளுங்கள். மேலே இடைவெளி சரியாகத் தெரிந்தாலும் உள்ளே வேர்கள் நெருங்கியிருந்தால் பிற்பாடு இம்ப்ளான்ட் நுழையாது.

இது குடும்பத்தில் தொடரக்கூடியது, தம்பி தங்கையின் பற்களையும் எண்ணிப் பாருங்கள். பல பற்கள் இல்லாததோடு முடி அடர்த்தியில்லாமல், வெயிலில் வியர்க்காமலும் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். வியர்க்காத பிள்ளைக்கு வெயில் ஆபத்து.