ஆரும் போஸ்ட்கிரெஸும்: பால் சொசைட்டிக் கணக்கில் நீண்டநாள் அனுபவம்

கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை வட்டாரத்துப் பால் சொசைட்டிகளின் கொள்முதல் கணக்கை ஆர் (R) என்ற புள்ளிவிவரக் கம்ப்யூட்டர் மொழியில் அலசுவது சில வருஷமாக என் வேலை. காலையும் மாலையும் பால் ஊற்றுபவர் ஒவ்வொருவருக்கும் லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்), ஊற்றிய நேரம் எல்லாம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் பதிவாகிறது. அதை சி.எஸ்.வி. ஃபைலாக இறக்கி ஆரில் ஏற்றுகிற வழக்கத்தை எப்போதோ விட்டாயிற்று. ஆரிலிருந்தே டேட்டாபேஸில் நேராக இணைய டிபிஐ (DBI), ஆர்போஸ்ட்கிரெஸ் (RPostgres), டிபிபிளையர் (dbplyr) மூன்று பேக்கேஜும் போதும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது டிபிபிளையர். ஃபில்டர், குரூப்-பை என்று வழக்கம்போல எழுதினால், அதுவே டேட்டாபேஸின் கேள்வி மொழியான எஸ்கியூஎல்லாக (SQL) மாற்றி சர்வரில் ஓட்டுகிறது. கலெக்ட் கொடுத்த பிறகுதான் முழு விடையும் லேப்டாப்புக்கு வரும். என்ன எஸ்கியூஎல் எழுதியிருக்கிறது என்று ஷோ-கொயரி போட்டுப் பார்த்துவிடலாம். புதிதாக வருகிறவர்கள் இதைத் தினமும் பாருங்கள், எஸ்கியூஎல் தானாகவே கைக்கு வந்துவிடும்.

எல்லாரும் கவனிக்க வேண்டியது நேர விஷயம். பக்கத்து சொசைட்டிச் செயலாளர் அவர்களுடைய ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினார். "ஏனுங்க தம்பி, ஒண்ணாந்தேதி காலைப் பால் எப்படிப் போன மாசத்துக் கணக்குல ஏறுச்சு?" சர்வரில் நேராகப் பார்த்தால் தேதி சரியாக இருந்தது. ஆர் வழியாகப் போனால்தான் தப்பு. காரணம் இதுதான்: ஆர்போஸ்ட்கிரெஸ் இணையும்போது, நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், டைம்சோனை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று வைத்துவிடும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். காலை 5.10-க்கு ஊற்றிய பால் அங்கே முந்தின நாள் இரவு 11.40. டைம்ஸ்டாம்பிலிருந்து தேதியைப் பிரித்தால் 5.30-க்கு முன்னால் வந்த பால் முழுக்க முந்தின நாளில் சேர்ந்துவிடும். மாத மொத்தம் பெரிதாக மாறாது, அதனால் கண்ணிலும் படாது. ஆனால் வெள்ளெனப் பால் ஊற்றுகிறவருக்குப் பட்டுவாடா தேதி பிசகினால் அது சின்ன விஷயமில்லை. இணைக்கும் வரியிலேயே டைம்சோன் ஆசியா/கொல்கத்தா என்று கொடுத்துவிடுங்கள்.

அதே வரியில் பிக்-இன்ட்டையும் (bigint, பெரிய முழு எண்) நியூமெரிக் (ஆரின் சாதாரண எண்) என்று சொல்லிவிடுவது நல்லது. போஸ்ட்கிரெஸ் எண்ணிக்கையை 64 பிட் முழு எண்ணாகத் தரும். அதை ஆரின் இஃப்-எல்ஸ் (ifelse) ஃபங்ஷனில் விட்டால் 64 பிட் எண் என்ற அடையாளம் உதிர்ந்து, அர்த்தமே இல்லாத மிகச் சின்னப் பின்னங்கள் வந்து நிற்கும்.

எங்கள் உறுப்பினர் பட்டியலில் தமிழ்ப் பெயரும் மலையாளப் பெயரும் கலந்திருக்கும். விண்டோஸில் பழைய ஆர் அவற்றைக் குறியீட்டு எண்களாகக் காட்டிப் படுத்தும். 2022-இல் வந்த 4.2 பதிப்பிலிருந்து எல்லா மொழி எழுத்தும் அடங்கும் யூடிஎஃப்-8 ஆகிவிட்டதால் அந்தத் தொல்லை இல்லை. பாஸ்வேர்டை ஸ்கிரிப்டில் எழுதாமல் ஆர் தொடங்கும்போது படிக்கிற ஆர்-என்விரான் (.Renviron) ஃபைலில் வையுங்கள். உறுப்பினர் எண்ணை எஸ்கியூஎல் வரியோடு ஒட்டாமல் தனி மதிப்பாக, அதாவது பாராமீட்டராக அனுப்புங்கள்.

டேட்டாபேஸில் திருப்பி எழுதுவதில் மட்டும் எனக்கு இன்னும் பயம் உண்டு. டிபி-ரைட்-டேபிளில் (dbWriteTable) ஓவர்ரைட் கொடுத்தால் பழைய டேபிளையே நீக்கிவிட்டுப் புதிதாகக் கட்டும். தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸும் யூசர்களுக்குக் கொடுத்த உரிமைகளும் அதோடு போய்விடும். அதனால் அலசலுக்கென்று படிக்க மட்டும் உரிமையுள்ள தனி யூசரைக் கேட்டு வாங்கி, அதில்தான் இணைகிறேன்.