பாம்பன் தட்டச்சுக் கடை: ஆசிரியருக்குக் கடிதம் எழுதுகிறவர்களுக்கு

நாளிதழுக்குக் கடிதம் எழுத நினைக்கும் எவரும் பாம்பன் பஸ் நிறுத்தத்துக்கு அருகில் உள்ள இந்தச் சிறிய கடைக்குப் போகலாம். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாறைகளிடையே முங்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்களுக்கு, கரையேறியதும் ஈரச்சேலை மாற்ற ஒரு மறைவிடம் இல்லை. அதை எழுதத்தான் போனேன்.

கடைக்கார அக்கா வெறுமனே தட்டச்சு செய்து தருபவர் அல்லர். "யார், என்ன செய்ய வேண்டும்? அதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடு, தங்கச்சி" என்றார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவான வரலாற்றை நான் நீட்டி எழுதியிருந்தேன்; அதை ஒரே வரியாக்கினார். "அதிகாரிகள் கவனிப்பார்களா?" என்ற வழக்கமான முடிவை அடித்துவிட்டு, "ஊராட்சி கரையில் கதவுள்ள அறையும் தண்ணீர்க் குழாயும் அமைக்க வேண்டும்" என்று எழுதவைத்தார். கெஞ்சல் போய்க் கோரிக்கை வந்தது. எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் அதுதான். பெயர், முகவரி, தொலைபேசி எண் இல்லாமல் அனுப்பவும் விடமாட்டார்.

குறை ஒன்று உண்டு. பழைய எழுத்துருவில் அடிக்கிறார். மின்னஞ்சலில் போனால் எழுத்துகள் சிதறிவிடும். எல்லாக் கணினிகளிலும் படிக்க முடிகிற யூனிகோடில் வேண்டும் என்று முன்பே கேட்டுவிடுங்கள். அச்சும் மங்கல். கட்டணம் நியாயமானது. மதியம் கடை மூடியிருக்கும், காலையில் போங்கள்.