செங்கோட்டையா, குதுப் மினாரா, ஹுமாயூன் கல்லறையா: டெல்லியில் ஒரே ஒரு நாள் இருந்தால்

டெல்லியில் நமக்கு ஒரு வீடு இருக்கிறது என்று ஊரில் தெரிந்துவிட்டால் போதும், வருஷத்துக்கு நாலு குடும்பமாவது வந்து இறங்கும். வருகிறவர்களின் கணக்கும் அநேகமாக ஒன்றுதான். ஆக்ராவுக்கு ஒரு நாள், ஹரித்வாருக்கு ஒன்றரை நாள், கரோல் பாகில் ஸ்வெட்டர் வாங்க ஒரு சாயங்காலம். மிச்சம் கிடக்கும் ஒற்றை நாளை நம் கையில் கொடுத்து, "டெல்லியைச் சுத்திக் காட்டுப்பா" என்பார்கள்.

ஆரம்பத்தில் நானும் ஆசைப்பட்டு மூன்றையும் ஒரே நாளில் ஓட்டினேன். செங்கோட்டை வடக்கே பழைய டெல்லியில், குதுப் மினார் தெற்கே மெஹ்ரோலியில், ஹுமாயூன் கல்லறை இரண்டுக்கும் நடுவில். பாதி நாள் டிராஃபிக்கிலேயே போயிற்று. ஊர் திரும்பியவர்கள் போட்டோக்களை அனுப்பி, "இது எந்த இடம்?" என்று கேட்டார்கள். எல்லாமே சிவப்புக் கல், அவர்கள் மேல் தப்பில்லை. அதிலிருந்து ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்று வைத்துக்கொண்டேன். எந்த ஒன்று என்பதில்தான் வீட்டில் சண்டை.

பெயர் என்னவோ செங்கோட்டைக்குத்தான். ஆகஸ்ட் 15 காலையில் டிவியில் பார்த்த இடம். இதைப் பார்க்காமல் வந்தேன் என்று ஊரில் சொல்ல முடியாது. வெளியே நின்று பார்க்கிறவரை அந்தப் பெயருக்குக் குறைவும் இல்லை. லாகூர் வாசலுக்கு எதிரே நின்றால் கழுத்து தானாக நிமிரும். சுவரின் சுற்றளவு 2 கிலோமீட்டருக்கு மேல். நகரத்துப் பக்கம் அதன் உயரம் 33 மீட்டர் வரை போகிறது.

சிக்கல் உள்ளே போன பிறகு. போன குளிர்காலத்தில் கும்பகோணத்து அத்தையைக் கூட்டிப் போயிருந்தேன். சோதனை வரிசை, சத்தா சௌக்கின் வளையல் கடைகள், நௌபத் கானா எல்லாம் தாண்டிப் புல்வெளிக்கு வந்ததும் அத்தை நின்றுவிட்டார்.

"ஏண்டா, அரண்மனை எங்கே?"

நியாயமான கேள்வி. 1639-ல் ஷாஜகான் கட்டத் தொடங்கி 1648-ல் குடிபுகுந்த கோட்டை இது. 1739-ல் பாரசீக மன்னர் நாதிர் ஷா படையெடுத்து வந்து மயிலாசனத்தைத் தூக்கிக்கொண்டு போனார். 1857 கலகத்தை அடக்கிய ஆங்கிலேயர்கள் உள்ளே இருந்த மாளிகைகளில் பெரும்பகுதியை இடித்துத் தள்ளி, பட்டாளத்துக்குப் பாரக்ஸ் கட்டினார்கள். இன்று உள்ளே நுழைந்ததும் உயரமாகக் கண்ணில் படுவது அந்த பாரக்ஸ்தான். நம் ராணுவமும் 2003 வரை உள்ளே இருந்தது. மிச்சம் இருப்பவை கிழக்கு ஓரத்தில் வரிசையாக நிற்கும் சில மண்டபங்கள். அவற்றையும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க வேண்டும். மண்டபங்களின் நடுவே ஓடிய வாய்க்காலுக்கு 'நஹ்ரே பிஹிஷ்த்' என்று பெயர், சொர்க்கத்து ஓடை என்று அர்த்தம். நான் போன நாட்களில் எல்லாம் காய்ந்துதான் கிடந்தது. கோட்டையை ஒட்டி ஓடிய யமுனையும் விலகிப் போய்விட்டது. அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் இப்போது ரிங் ரோடு.

ஆனாலும் ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்க்கச் சொல்வேன். பளிங்குத் தூண்களின் அடிப்பகுதியில் பூவேலை இருக்கும். இதழுக்கு ஒரு கல், தண்டுக்கு ஒரு கல் என்று பதித்த வேலை. பல பூக்களில் கல் இல்லை, வெறும் பள்ளம்தான் இருக்கிறது. யாரோ பொறுமையாக நெம்பி எடுத்திருக்கிறார்கள். அத்தைக்கு இதுதான் மனதில் நின்றது. "திருகாணி தொலைஞ்ச தோடு மாதிரி இருக்கு" என்றார்.

செங்கோட்டையைக் கண்ணுக்காகப் போய்ப் பார்த்தால் ஏமாற்றம்தான். கதை தெரிந்து போனால் வேறு இடம். 1858-ல் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாஃபரை அவருடைய சொந்த அரண்மனையான இதிலேயே கைதியாக நிறுத்தி விசாரித்து, ரங்கூனுக்கு அனுப்பினார்கள். 1945 நவம்பரில் இதே கோட்டையில்தான் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தினர் மீதான ஐ.என்.ஏ. வழக்கு நடந்தது. ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவரும் குற்றவாளிக் கூண்டில். அவர்கள் தரப்பில் வாதாடியவர் புலாபாய் தேசாய். அன்று நேரு பல வருஷங்களுக்குப் பிறகு வக்கீல் அங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். நேதாஜியின் படையில் மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம். அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையிலும் தோட்டத்துப் பெண்கள் இருந்தார்கள். 2019-ல் அந்தப் பழைய பாரக்ஸிலேயே நேதாஜிக்கும் ஐ.என்.ஏ.வுக்கும் அருங்காட்சியகம் திறந்தார்கள். தாத்தாவோ பெரிய தாத்தாவோ மலேயாவில் இருந்த குடும்பம் என்றால், மண்டபங்களை வேகமாகத் தாண்டிவிட்டு இங்கே ஒரு மணி நேரம் கொடுங்கள். மற்றவர்களுக்கு, அதுவும் மறுநாள் ஆக்ரா போகிறவர்களுக்கு, செங்கோட்டையின் உட்புறம் தேவையில்லை என்பது என் கட்சி. ஆக்ரா கோட்டையில் மாளிகைகள் இன்னும் மாளிகைகளாகவே இருக்கின்றன. இங்கே லாகூர் வாசலுக்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, எதிரே சாந்தினி சௌக்கில் ஜிலேபி சாப்பிட்டுவிட்டு வந்தால் போதும். லால் கிலா மெட்ரோ பக்கத்திலேயே இருக்கிறது.

குதுப் மினார் இதற்கு நேர் எதிர். கதையே தெரியாமல் போனாலும் ஏமாற்றாது. சுமார் 73 மீட்டர் உயரம். அடியில் 14 மீட்டர் அகலம், நுனியில் 3 மீட்டர்கூட இல்லை. குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். விமான நிலையம் அந்தப் பக்கம் என்பதால் மினாருக்குப் பின்னால் அடிக்கடி விமானம் தாழப் பறக்கும். அக்கா மகன் அரை மணி நேரம் மினாரைப் பார்க்கவே இல்லை, விமானம் எண்ணிக்கொண்டிருந்தான்.

"மேலே ஏறலாமா?" என்று கேட்காதவர் கிடையாது. முடியாது. உள்ளே 379 படிகள் உண்டு. 1981 டிசம்பரில் விளக்கு அணைந்து ஏற்பட்ட நெரிசலில் 45 பேர் இறந்தார்கள், பலர் பள்ளிப் பிள்ளைகள். அன்றோடு படி மூடியது. ஏறிப் பார்க்கும் ஆசையோடு வந்தவர்களுக்கு அங்கேயே பாதி உற்சாகம் போய்விடும்.

ஆனால் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் நின்று பார்க்க வேண்டியது மினாரை அல்ல, பக்கத்தில் இருக்கும் மசூதியின் தூண்களை. 27 கோயில்களின் கல்லைக் கொண்டு கட்டியது என்று அதன் கிழக்கு வாசல் கல்வெட்டே சொல்கிறது. தூண்களில் சங்கிலியில் தொங்கும் மணி, பூரண கும்பம், முகம் சிதைத்த உருவங்கள். கோயில் மண்டபத்தில் வளர்ந்த நம் கண்ணுக்கு ஒரு நொடியில் பிடிபடும். உயரம் போதாத இடத்தில் ஒரு தூணின் தலையில் இன்னொன்றை நிறுத்தியிருக்கிறார்கள். பொருந்தாத கல்லைப் பொருந்த வைத்த அவசரம் இன்றும் தெரிகிறது.

முற்றத்தில் நிற்கும் இரும்புத் தூண் 7 மீட்டர் உயரம், 6 டன்னுக்கு மேல் எடை, சுமார் 1600 வயது. ஏன் துருப்பிடித்து உதிரவில்லை என்பதற்கு விடை தேடி வருஷக்கணக்கில் உழைத்தவர் ஐ.ஐ.டி. கான்பூர் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம். அந்தக் கால இரும்பில் பாஸ்பரஸ் அதிகம்; அதனால் மேலே ஒரு மெல்லிய படலம் உருவாகித் துரு உள்ளே இறங்காமல் தடுக்கிறது என்று விளக்கினார். முன்பெல்லாம் முதுகைத் தூணில் சாய்த்துப் பின்பக்கமாகக் கைகளைக் கோத்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். கை பட்டுப் பட்டு அந்த இடம் மட்டும் வேறு நிறத்தில் பளபளக்கிறது. இப்போது சுற்றிலும் கம்பி வேலி. தூணில் இருக்கும் சமஸ்கிருதக் கல்வெட்டு, சந்திரன் என்ற அரசனின் வீரக் காற்றால் தென்கடல் இன்னும் மணக்கிறது என்கிறது. கவிஞர்களின் கணக்குக்கு அளவே கிடையாது.

தென்கடல் பக்கம் நிஜமாகவே படை அனுப்பியவரின் வேலையும் அதே வளாகத்தில் இருக்கிறது. அலாவுதீன் கில்ஜி கட்டிய அலாய் தர்வாசா முடிந்தது 1311-ல். அவருடைய தளபதி மாலிக் காபூர் மதுரைக்குள் நுழைந்ததும் அதே 1311. ஊரில் பாடமாகப் படித்த அந்தப் பெயரின் மறுமுனை இங்கே வாசலாக நிற்கிறது. குதுப் மினாரைப் போல இரண்டு மடங்கு உயரத்தில் ஒன்று கட்டுகிறேன் என்று அலாவுதீன் ஆரம்பித்த அலாய் மினார், அவர் 1316-ல் போய்ச் சேர்ந்ததும் 25 மீட்டரோடு நின்றுவிட்டது. பூசாத பெரிய கல் குவியலாக ஓரத்தில் கிடக்கிறது. யாரும் போட்டோ எடுப்பதில்லை. எனக்கு அந்த வளாகத்தில் பிடித்ததே அதுதான்.

குதுப்பின் குறை தூரம். அந்தப் பெயரில் மெட்ரோ ஸ்டேஷன் இருக்கிறதே என்று நம்பி இறங்கினால், அங்கிருந்து இன்னும் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் ஆட்டோவில் போக வேண்டும். ஜனவரிப் பனிமூட்டத்தில் போகவே கூடாது; மினாரின் மேல்பாதி காணாமல் போயிருக்கும். தரை சமமானது, முட்டி வலிக்காரர்களுக்கு மூன்றில் இதுதான் சுலபம்.

அந்த முட்டி விஷயத்தில்தான் ஹுமாயூன் கல்லறை அடி வாங்குகிறது. கட்டடம் நிற்பது ஆள் உயரத்தைப் போல நாலு மடங்கு இருக்கும் ஒரு மேடைமேல். படிகள் குறுகல், செங்குத்து. அத்தை முதல் படியைப் பார்த்ததும், "நீ போய்ட்டு வா, நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்" என்று தோட்டத்தில் அமர்ந்துவிட்டார்.

இருந்தும் ஒரே ஒரு இடம் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். முகலாய மன்னர் ஹுமாயூன் 1556-ல் புரானா கிலா என்ற பழைய கோட்டையில் தன் நூலகத்துப் படியில் தவறி விழுந்து இறந்தார். அவருக்காக அவர் மனைவி பேகா பேகம் எழுப்பியது, 1570 வாக்கில் முடிந்தது. தாஜ் மகாலுக்கு அறுபது வருஷம் மூத்தது. நான்காகப் பிரித்த தோட்டம், நூல் பிடித்த மாதிரி ஓடும் வாய்க்கால், நடுவில் சிவப்புக் கல், தலையில் வெள்ளைக் குவிமாடம். தாஜுக்கு முன்னோட்டம் என்று பலர் இதைத் தாழ்த்திச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாஜில் கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டே போகும். இங்கே நாம் நிற்கலாம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மேற்குப் பக்கத்துக் கல்ஜன்னல் வழியாக வெயில் இறங்கி, உள்ளே தரையில் சின்னச் சின்ன அறுகோணங்களாக விழும். அது நகர்வதை உட்கார்ந்து பார்க்கலாம். மே மாத அனல் காற்றிலும் உள்ளே குளுமையாக இருக்கும்.

முன்பு இப்படி இல்லை. ஆகா கான் அறக்கட்டளை 2007-க்குப் பிறகு ஆறு வருஷம் உட்கார்ந்து, கூரையில் பின்னாளில் கொட்டியிருந்த கான்கிரீட்டைப் பெயர்த்தெடுத்து, சுண்ணாம்புக் காரை பூசிப் பழைய முறையிலேயே சரிசெய்தது. 2024-ல் வாசலிலேயே நிலத்தடி அருங்காட்சியகம் ஒன்றும் வந்துவிட்டது. உள்ளே நுழைந்ததும் வலது பக்கம் இருக்கும் ஈசா கான் கல்லறையை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். எண்கோணக் கட்டடம், ஹுமாயூனுடையதற்கும் இருபது வருஷம் முந்தியது.

செங்கோட்டையின் கதையும் இங்கேதான் வந்து முட்டுகிறது. 1857 செப்டம்பரில் டெல்லி விழுந்ததும் ஜாஃபர் கோட்டையை விட்டு ஓடி வந்து ஒளிந்தது தன் மூதாதையின் இந்தக் கல்லறையில். ஹாட்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி இங்கே வந்துதான் பிடித்துப் போனார். மேலே நின்று இதை யோசித்துக்கொண்டு கீழே இறங்கினால், அத்தை வேப்ப மரத்தடியில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"யாருடா கட்டினது?"

"அவரோட சம்சாரம், அத்தை."

"புருஷன் பெண்டாட்டிக்குக் கட்டினதைத்தான் ஊர் உலகமே பார்க்குது. பெண்டாட்டி புருஷனுக்குக் கட்டினதை யாரும் சொல்லவே இல்லையே."

மேலே ஏறாமலேயே அத்தைக்குப் பிடித்த இடம் இதுதான்.

கையில் இன்னும் அரை நாள் மிச்சமிருந்தால் காலையில் குதுப், மதியத்துக்கு மேல் ஹுமாயூன் என்று வைத்துக்கொள்ளலாம். நடுவில் கும்பிட்டாக வேண்டும் என்கிறவர்களுக்கு ஆர்.கே.புரத்து முருகன் கோயிலான மலை மந்திர். மதுரை சம்பர்க் கிராந்தியிலோ திருக்குறள் எக்ஸ்பிரஸிலோ ஊர் திரும்புகிறவர்களுக்கு இன்னொரு சௌகரியம்: வண்டி புறப்படும் நிஜாமுதீன் ஸ்டேஷனிலிருந்து கல்லறை ஆட்டோவில் சில நிமிடம்தான். பெட்டியை க்ளோக் ரூமில் போட்டுவிட்டுப் போய்வரலாம். நுழைவுக் கட்டணம் எங்கேயும் பையைக் கடிக்காது. 15 வயதுக்குக் கீழே இலவசம்.

ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. சித்தப்பா குடும்பத்தை ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு லாகூர் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியவன் நான். அதை இன்றும் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அடுத்த மாதம் மதுரை மாமா வருகிறார். போனிலேயே லிஸ்ட் படித்துவிட்டார், முதல் பெயர் செங்கோட்டை. ஆக்ரா, ஹரித்வார் எல்லாம் போக அவருக்கு டெல்லியில் கிடைத்திருக்கும் ஒற்றை நாள் திங்கட்கிழமை. நான் இன்னும் சொல்லவில்லை.