அம்மோனியாவா, நைட்ரஜன் ட்ரைஃபுளூரைடா: எதற்கு முனைவு அதிகம்?

பதினொன்றாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிறவர்களையே தடுக்கி விழவைக்கும் கேள்வி இது. முனைவு என்றால் மின்சுமை ஒருபக்கமாகச் சாய்ந்திருப்பது. எலக்ட்ரான் கவர்தன்மையை, அதாவது பிணைப்பிலுள்ள எலக்ட்ரான்களை ஓர் அணு தன்பக்கம் இழுக்கும் திறனை, மட்டும் பார்த்தால் விடை தவறிப்போகும். அதைக் குறிக்கும் பாலிங் அளவீட்டில் நைட்ரஜன் 3.04, ஹைட்ரஜன் 2.20, ஃபுளூரின் 3.98. வேறுபாடு அம்மோனியாவின் பிணைப்பில் 0.84, மற்றதில் 0.94. ஆக, தனித்தனிப் பிணைப்பாகப் பார்த்தால் நைட்ரஜன்–ஃபுளூரின் பிணைப்புக்கே முனைவு சற்று அதிகம். ஆனால் மூலக்கூறின் மொத்த முனைவைக் காட்டும் இருமுனை திருப்புத்திறனோ தலைகீழ்: அம்மோனியாவுக்கு 1.47 டிபை (அதன் அலகு), நைட்ரஜன் ட்ரைஃபுளூரைடுக்கு வெறும் 0.23!

வடிவம் காரணமல்ல, இரண்டுமே முக்கோணப் பிரமிடுதான். நைட்ரஜனின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் தனித்த இரட்டையை, அதாவது பிணைப்பில் சேராத எலக்ட்ரான் ஜோடியைப் பாருங்கள். அம்மோனியாவில் மூன்று பிணைப்புகளும் எலக்ட்ரான்களை நைட்ரஜன் பக்கம் தள்ளுகின்றன. தனித்த இரட்டையின் முனைவும் அதே திசைதான். இரண்டும் கூடுகின்றன. மற்றதில் ஃபுளூரின்கள் கீழ்நோக்கி இழுக்க, தனித்த இரட்டை மேல்நோக்கி நிற்கிறது. கயிறு இழுக்கும் போட்டியில் இரு அணியும் ஏறக்குறையச் சமபலம் என்பதுபோல. அம்புக்குறிகளை ஒருமுறை உங்கள் கையாலேயே வரைந்து பாருங்கள், மனப்பாடம் தேவைப்படாது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. அம்மோனியா நல்ல காரம், தன் இரட்டையைப் புரோட்டானுக்கு எளிதில் தருகிறது. நைட்ரஜன் ட்ரைஃபுளூரைடு கிட்டத்தட்டத் தருவதே இல்லை.

கொதிநிலை அம்மோனியாவுக்கு −33 டிகிரி செல்சியஸ், மற்றதற்கு −129. இதற்குத் திருப்புத்திறனை மட்டும் காரணமாக எழுதிவிடாதீர்கள். அம்மோனியாவின் ஹைட்ரஜன் பிணைப்புக்கு (ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜனுக்கும் அடுத்ததன் நைட்ரஜனுக்கும் இடையிலான ஈர்ப்புக்கு) அதில் பெரும் பங்கு இருக்கிறது.