காலண்டர் தாளைச் சுட்ட நாலு வருடம்: ஒரு மலிவு ஏர் ரைபிளோடு

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீடு 11 அடி அகலம், 52 அடி நீளம். ரயில் பெட்டி என்றுதான் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். வாசல் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பின்கட்டுச் சுவர் நேராகத் தெரியும். 10 மீட்டர் என்பது 33 அடிக்குக் கொஞ்சம் குறைவு என்று தெரிந்த அன்றே ஏர் ரைபிள் ஆசை வந்துவிட்டது.

வாங்கியது குழலை மடக்கி லோடு செய்கிற ஸ்பிரிங் துப்பாக்கி. .177 அளவு, அதாவது 4.5 மில்லிமீட்டர் குண்டு. கடற்கரையில் பலூன் சுடக் கொடுப்பார்களே, அதன் ஒன்றுவிட்ட தம்பி. விலை நாலாயிரத்துச் சொச்சம். 2016 ஆயுத விதிகளின்படி இந்த அளவுக்குள், 20 ஜூல் ஆற்றலுக்குள் இருக்கிற ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டாம். என்னுடையது அதில் பாதியைக்கூடத் தொடாது.

முதல் நாள் அனுபவம் கேவலம். ஒவ்வொரு வெடிக்கும் பட்டாசுச் சத்தம், குழல் வாயில் புகை, வீடு முழுக்க எண்ணெய் கருகிய வாசனை. உள்ளே தடவி அனுப்பிய எண்ணெய் காற்றழுத்தச் சூட்டில் பற்றிக்கொள்வதுதான் காரணம் என்று பிறகு புரிந்தது. இருநூறு குண்டு போன பிறகு தானாக அடங்கியது. அதற்கு முன்பு பின் சைட்டை, அதாவது குறி பார்க்கிற பின் காடியை, திருகி என்ன புண்ணியம்? நான் திருகினேன். இடது பக்கம் பட்டால் வலது பக்கம் நகர்த்துவேன், அடுத்தது வலது ஓரம் போகும், மறுபடி இடது பக்கம். ஒரு சாயங்காலம் முழுக்கக் குண்டைத் துரத்தினேன். ஐந்து குண்டும் சேர்ந்து ஒரு பூரி அளவுக்குப் பரவி இருந்தன. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 9 செ.மீ.

குறி அட்டைக்குக் காசு செலவழிக்கவில்லை. தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளே போதும். நடுவில் பெரிய எழுத்தில் தேதி, அதுதான் இலக்கு. சுட்ட தாளை நோட்டில் ஒட்டி வைப்பேன். தேதி தானாகவே பதிந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைச் சிவப்பு எழுத்து என் கண்ணுக்குக் கறுப்பைவிட மங்கல், அதனால் ஞாயிறு கணக்கில் இல்லை. பழைய நோட்டைப் புரட்டினால் ராகுகாலத்தில் இரண்டு ஓட்டை, சந்திராஷ்டமத்தில் ஒன்று, தேதியில் ஒன்றுமே இல்லை என்று இருக்கும்.

துப்பாக்கி கெட்டது என்று முடிவு கட்டியிருந்த நேரத்தில்தான் பிடி மாறியது. அதுவரை முன்கட்டையை, அதாவது குழலுக்கு அடியில் இருக்கிற மரத்தை, செங்கல் மேல் அழுத்தி வைத்து, பின்கட்டையைத் தோளில் இறுக்கிப் பிடித்துச் சுட்டுக்கொண்டிருந்தேன். ஸ்பிரிங் துப்பாக்கிக்கு இது ஆகாது. ட்ரிகரை இழுத்ததும் ஸ்பிரிங் தள்ளி, காற்றை அழுத்துகிற கனமான பிஸ்டன் முன்னால் பாய்கிறது, துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. பிஸ்டன் போய் முட்டியதும் துப்பாக்கி முன்னால் இடிக்கிறது. குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்குள் இவ்வளவும் நடந்து முடிகிறது. அதனால் துப்பாக்கி எந்தப் பக்கம் துள்ளுகிறதோ, குண்டும் அந்தப் பக்கம்தான் போகும். துள்ளலைத் தடுக்க முடியாது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி துள்ள விடலாம்.

இப்போது இடது உள்ளங்கையை விரித்து, முன்கட்டையில் பென்சிலால் போட்ட கோட்டுக்கு நேராக அதன் மேல் துப்பாக்கியைச் சும்மா கிடத்துகிறேன். விரலை மடக்குவதில்லை. தோளில் பட்டும் படாமலும் ஒரு தொடுதல். கேரம் ஆடுகிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்: ஸ்டிரைக்கரை இறுக்கினால் காய் போகாது. எங்கள் தெருவில் கேரம் தெரியாதவர் கிடையாது, ஆனாலும் எனக்கு இது உறைக்க மூன்று மாதம் ஆனது. ஒரு பைசா செலவில்லாமல் 9 செ.மீ. 4 ஆகச் சுருங்கியது.

அதற்குப் பிறகுதான் சைட். இரண்டு சைட்டுக்கும் நடுவில் என் துப்பாக்கியில் 45 செ.மீ. 10 மீட்டரில் பின் சைட்டை 1 மில்லிமீட்டர் நகர்த்தினால் குண்டு படும் இடம் 22 மில்லிமீட்டர் நகரும். இந்தக் கணக்குத் தெரிந்தால் துரத்த வேண்டியதில்லை. ஐந்து சுட்டு, ஐந்துக்கும் நடுப்புள்ளியை எடுத்து, அதை மட்டும் பார்த்துத் திருக வேண்டும். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின் சைட்டை நகர்த்த வேண்டும். எனக்கு நடுப்புள்ளி 6 செ.மீ. இடது பக்கம் இருந்தது. மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வலது பக்கம் நகர்த்தினேன், அவ்வளவுதான். சுடும்போது கண் முன் சைட்டில் நிற்க வேண்டும், தேதி மங்கலாகத் தெரிந்தால் போதும்.

ஸ்குரூ ஒரு தனி ரோதனை. முன்கட்டையில் பக்கத்துக்கு ஒன்று, ட்ரிகர் காப்பில் ஒன்று. அதிர்ச்சியில் ஐம்பது குண்டுக்கு ஒரு தடவை தளர்ந்துவிடும். இரண்டு நாளாகக் குண்டு கண்ட இடத்தில் போகிறது என்று சைட்டில் கை வைக்காதீர்கள், முதலில் ஸ்குரூடிரைவரை எடுங்கள். ஸ்பிரிங் வாஷர் போட்ட பிறகு மாதம் ஒரு முறை பார்த்தால் போதுமாக இருக்கிறது. பேரல், அதாவது குழல், மடங்குகிற இடத்து போல்ட்டும் அப்படித்தான். பேரலைப் பாதியில் விட்டால் விட்ட இடத்தில் நிற்க வேண்டும்; தொங்கினால் போல்ட் தளர்ச்சி. பேரல் மூடுகிற இடத்தில் காற்றுக் கசிகிறதா என்று பார்க்க, இணைப்பின் மேல் டிஷ்யூ பேப்பர்த் துண்டு வைத்துச் சுட்டேன். எழும்பிப் பறந்தது. பாரிமுனையில் ஓ ரிங் என்கிற ரப்பர் வளையம் வாங்கி மாற்றினேன், 20 ரூபாய்.

டெலஸ்கோப்புக்குச் செலவழித்த 1,800 ரூபாய் தண்டம். முன்னும் பின்னும் இடிக்கிற இந்த அதிர்ச்சியை அந்த விலை ஸ்கோப் தாங்கவில்லை. பிடிப்பு பின்னால் நகர்ந்துகொண்டே போனது, 10 மீட்டரில் படமும் தெளியவில்லை. மூன்றாவது வாரம் குறுக்குக் கம்பி சாய்ந்துவிட்டது.

குண்டில் கஞ்சத்தனம் செய்ததும் என் தப்பு. மூன்று வகை வாங்கிப் பார்த்ததில் என் பேரலுக்குத் தட்டைத் தலைக் குண்டுதான் ஒத்துவந்தது. கூர்மூக்குக் குண்டு பார்க்க ஜோர், தாளில் மோசம். மலிவு டப்பாவில் பாவாடை, அதாவது பின்பக்க மெல்லிய விளிம்பு, நசுங்கிய குண்டுகள் நிறைய இருக்கும். கண்ணாடி மேல் உருட்டினால் நசுங்கியது கோணலாக ஓடும், அதைத் தள்ளிவிடுவேன். தெரிந்த நகைப் பட்டறைத் தராசில் ஒரு டப்பாவை நிறுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் அரை கிராம் சுற்றி, ஒன்றுக்கொன்று கொஞ்சம் ஏறி இறங்கியது. நிறுத்துப் பிரிக்கிற பொறுமை எனக்கு இல்லை, கொஞ்சம் விலை கூடிய டப்பாவுக்கு மாறிவிட்டேன். 4 செ.மீ. 2.5 ஆனது.

மூன்றாம் வருடம் குண்டு 2 செ.மீ. கீழே படத் தொடங்கியது. சுட்டதும் உள்ளே "டொய்ங்" என்று ஓர் அதிர்வு வேறு. ஸ்பிரிங் எப்போதும் அழுத்தத்தில் இருப்பதால் கையால் கழற்றினால் முகத்துக்கு வரும். தண்டையார்பேட்டையில் ஒரு லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

"இன்னா தம்பி, பலூன் கடை போடப் போறியா?" என்றார் லேத்துக்காரர்.

"இல்லண்ணே, காலண்டர் சுடுறேன்."

அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. டிரில் மெஷினில் வைத்து அழுத்திப் பிடித்துக் கழற்றினார். உள்ளே கண்டதுதான் இந்த விலையின் ரகசியம். சிலிண்டர் வெட்டின ஓரமெல்லாம் பிசிறு. ஸ்பிரிங்கின் முனை தேய்க்காமல் வெட்டினபடியே இருந்தது. ஸ்பிரிங்குக்குள் நிற்கிற கைடு கம்பி லொடலொடவென்று ஆடியது, டொய்ங் அதில்தான். நைலான் தடியில் இறுக்கமான கைடு ஒன்று கடைந்து கொடுத்தார், பிசிறு தட்டினார், நான் எமரித்தாளால் தேய்த்து மாலி (மாலிப்டினம் கலந்த) கிரீஸ் தடவினேன். பழைய ஸ்பிரிங் தளர்ந்திருந்ததால் அதே பலத்தில் புதியது போட்டோம். அவர் கூலி 350 ரூபாய், டீ என் கணக்கு.

இன்னும் பலமான ஸ்பிரிங் போடச் சொல்லி நண்பர்கள் உசுப்பினார்கள். மடக்கக் கை வலிக்கும், துள்ளல் கூடும், தாளில் ஓட்டை பெரிதாகப் போவதில்லை. பிஸ்டனைப் பிடித்து நிறுத்துகிற ட்ரிகர் கொக்கியை அரத்தால் தேய்த்து இலேசாக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். அதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். லோடு செய்யும்போது கொக்கி நழுவினால் பேரல் படாரென்று மூடும், விரல் போகும். இன்றைக்கும் குண்டு போடுகிறபோது ஒரு கையால் பேரலைப் பிடித்தபடிதான் போடுகிறேன். குண்டு போடாமல் வெறுமனே சுடுவதும் கூடாது. காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் இரும்பில் மோதும்.

பின்கட்டில் மரப்பெட்டிக்குள் பழைய வேட்டிகளைத் திணித்து, அதன் பின்னால் இரும்புத் தகடு. பின்கதவைத் தாழ் போட்டு, சாவியை என் பாக்கெட்டில் வைத்த பிறகுதான் முதல் குண்டு. மொட்டை மாடியில் ஒரு நாளும் சுட்டதில்லை. புறாவைச் சுட முடியுமா என்று கேட்டு வந்த பையனைத் திருப்பி அனுப்பினேன். குண்டு ஈயம் என்பதால் கை கழுவாமல் காபி டம்ளரைத் தொட்டால் வீட்டில் திட்டு விழும், நியாயமான திட்டு.

கடல் காற்று இந்த ஊரில் எதையும் விடாது. முதல் மழைக்காலத்தில் பேரலின் மேல் செம்புள்ளி வந்தது. வெளிப்பக்கத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் வாரம் ஒரு துடைப்பு. காற்று அறைக்குள் மட்டும் அது போகக் கூடாது, மறுபடி பட்டாசு ஆரம்பித்துவிடும்.

சென்னையில் பிறந்த ககன் நரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியது இதே 10 மீட்டரில், இதே 4.5 மில்லிமீட்டர் குண்டில். அந்த அட்டையில் பத்துப் புள்ளி வட்டம் அரை மில்லிமீட்டர் பொட்டு. அவர்கள் துப்பாக்கி அடைத்த காற்றில் இயங்குவது, இப்படி உதைக்காது. போன வாரத் தாளில் என் ஐந்தும் 18 மில்லிமீட்டருக்குள். பின் சைட்டின் பக்க ஆட்டம் மட்டும் இன்னும் தீரவில்லை. இப்போதைக்கு ஒரு பழைய பஸ் டிக்கெட்டை மடித்துச் சொருகி வைத்திருக்கிறேன். லேத்துக்காரர் தீபாவளி முடிந்து வரச் சொல்லியிருக்கிறார்.