‘சஞ்சீவி மலை உச்சித் தரிசனம்’ என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து ‘சஞ்சீவி மலை உச்சித் தரிசனம்’ என்று ஒரு வான் வண்டிப் பயண விளம்பரம் முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதிகாலையில் ஏற்றிக்கொண்டு போய், ஹபரணைக்குக் கிட்ட இருக்கும் ரிட்டிகல மலையின் உச்சியில் அனுமாரைக் கும்பிட வைத்து, அன்றிரவே வீட்டு வாசலில் இறக்கிவிடுவார்களாம். வருகிற பள்ளிக்கூட விடுமுறைக்கும் ஆள் சேர்க்கிறார்கள். அதனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மலையின் உச்சிக்குப் பொதுமக்கள் போகவே முடியாது. அரிய மூலிகைகளும் மரங்களும் இருப்பதால் 1941 ஆம் ஆண்டிலேயே அது கடும் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. ஆராய்ச்சிக்கென்று வனஜீவராசிகள் திணைக்களத்திடம் அனுமதி எடுத்தவர்கள் மட்டுமே மேலே போகலாம். அடிவாரத்தில் இருக்கும் பழைய பௌத்த மடாலயத்தின் இடிபாடுகள் வரைதான் எங்களுக்கு அனுமதி. ஆகவே ‘உச்சிப் பெர்மிட்’ என்று யார் காசு கேட்டாலும், இல்லாத ஒன்றைத்தான் விற்கிறார்கள்.

எங்களிடம் தலைக்கு 18,500 ரூபா வாங்கினார்கள். அதில் 4,000 ரூபா அந்தப் பெர்மிட்டுக்காம். ஏற்பாட்டாளரிடம் இரண்டு தடவை தெளிவாகக் கேட்டேன். “அண்ணை, பெர்மிட் எல்லாம் எங்கட கையில இருக்கு, நீங்கள் வந்து ஏறினால் சரி” என்று குரல் பதிவே அனுப்பினார். அது இன்னமும் என்னிடம் இருக்கிறது. எங்கள் குழுவில் பாதிப் பேர் வயதானவர்கள். மாமி சனிக்கிழமை தவறாமல் மருதனார்மடம் ஆஞ்சநேயருக்கு விளக்குப் போடுகிறவ. அனுமார் மூலிகை மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது அதில் ஒரு துண்டு விழுந்த இடம் ரிட்டிகல என்று சொல்லுவார்கள் அல்லவா, அதைக் கேட்டதிலிருந்து முழங்கால் வலியையும் பாராமல் வருகிறேன் என்று நின்றா. கனடாவிலிருந்து வந்திருந்த அக்காவும் சேர்ந்துகொண்டா.

வான் சொன்ன வான் இல்லை, ஏசி வேலை செய்யவில்லை, வெளிக்கிடவே ஏழு மணியாகிவிட்டது. இதெல்லாம் நடக்கிறதுதான், விடுவோம்.

விடமுடியாதது இதற்குப் பிறகு நடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் வவுனியா, மிகிந்தலை கடந்து, மரதன்கடவலவில் ஹபரணைப் பக்கம் திரும்ப வேண்டும். அந்த வீதியில் கொஞ்ச நேரம் ஓடினால் இடப்பக்கம் ரிட்டிகலவுக்குப் பிரியும் பாதை வரும். பெயர்ப்பலகையை நான் கண்ணால் கண்டேன். வான் நிற்காமல் போனது. கேட்டால், “சாப்பாட்டுக்கு ஹபரணைக்குத்தான் போகவேணும் அண்ணை” என்றார் டிரைவர். போய் இறக்கியது ஒரு மூலிகைத் தோட்டத்தில். அங்கே ஒரு பெடியன் மாமியின் முழங்காலில் எண்ணெய் பூசி, “இது சஞ்சீவி மலை மூலிகை, மூன்று போத்தல் பாவிச்சால் ஒப்பரேஷன் தேவையில்லை” என்றான். ஒரு போத்தல் 7,500 ரூபா. நாங்கள் வாங்கி முடிக்கும்வரை வானின் திறப்பு டிரைவரிடம். டிரைவரோ பின்பக்கம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மலையடிவாரத்துக்குத் திரும்பி வரும்போது பின்னேரம் மூன்று மணி தாண்டிவிட்டது.

வாசலில் ‘கைட்’ என்று ஒருவர் காத்திருந்தார். கழுத்தில் அட்டை இல்லை. அக்காவிடம் ‘வெளிநாட்டு ரிக்கெட்’டுக்கென்று யாழ்ப்பாணத்திலேயே தனியாகக் காசு வாங்கியிருந்தார்கள். இங்கே வந்ததும் அவர் மெல்லிய குரலில், “வாயைத் திறக்காதேங்கோ அக்கா, உள்ளூர் ஆள் எண்டு சொல்லி விடுவம்” என்கிறார். அக்கா முடியாது என்று சொல்லிவிட்டு, தன் கடவுச்சீட்டைக் காட்டி, சரியான ரிக்கெட்டைத் தன் காசில் வாங்கினா. முதலில் வாங்கிய காசு போன இடம் தெரியாது.

உள்ளே நடந்ததை நினைத்தால் இப்போதும் கொதிக்கிறது. அந்தக் கைட் மாமியை ஒரு பெரிய கற்பலகைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். நடுவில் ஒரு துளை, இரு பக்கமும் பாதம் வைக்கிற அளவுக்கு மேடு, ஓரமெல்லாம் நுணுக்கமான செதுக்கல். “அம்மா, இது இராவணன் பூசை செய்த ஆவுடையார். வேண்டுதல் இருந்தால் இதில வைச்சுக் கும்பிடுங்கோ” என்றார். மாமி கைப்பையிலிருந்த விபூதிச் சரையைப் பிரித்துக் கல்லில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டா. கண்ணைத் திறந்ததும் தட்சணை என்று ஆயிரம் ரூபா வாங்கிவிட்டார். தூரத்தில் நின்று பார்த்த தொல்பொருள் திணைக்கள ஊழியர் ஒருவர் எங்களிடம் வந்து, தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னார்: “அம்மா, இது சாமிக் கல் இல்ல. அந்தக் கால பிக்குமார் சலம் கழிச்ச கல்.”

மாமி ஒன்றும் பேசவில்லை. குனிந்து, சேலைத் தலைப்பால் விபூதியைத் துடைத்தெடுத்தா. பிறகுதான், “சாமியின்ர பேரைச் சொல்லி இப்பிடியும் செய்வினமோ தம்பி?” என்று கேட்டா. அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். 18,500 ரூபா போனது இரண்டாவது.

அந்தக் கல்லின் உண்மைக் கதை, அந்த ஆள் சொன்ன பொய்யைவிட எவ்வளவோ மேலானது. ஒன்பதாம் நூற்றாண்டில் முதலாம் சேனன் என்ற அரசன் இந்த மடாலயத்தைப் பம்சுகூலிகர் என்னும் துறவிகளுக்குக் கட்டிக் கொடுத்தான். சுடுகாட்டிலும் குப்பையிலும் கிடந்த துணியை எடுத்துத் தைத்து உடுத்தியவர்கள் அவர்கள். அதனால்தான் இங்கே தாதுகோபம் இல்லை, புத்தர் சிலை இல்லை, தூண்களில் அலங்காரம் இல்லை. செதுக்கு வேலை இருப்பது சிறுநீர்க் கல்லில் மட்டும். ஆடம்பரமாக வாழ்ந்த மடங்களைத் தாங்கள் எவ்வளவு துச்சமாக நினைத்தோம் என்று காட்டவே அப்படிச் செய்தார்கள் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். இதை உள்ளபடி சொல்லியிருந்தால் மாமியும் ஆர்வமாகக் கேட்டிருப்பா.

எங்களுக்குச் சரியாகப் பார்க்கக் கிடைக்காத மற்றவற்றையும் சொல்ல வேண்டும். நுழைந்ததும் பண்டா பொக்குண என்ற பெரிய குளம், சுற்றிலும் கற்படிகள். அதன் கரையால் போய் ஏறினால், அறுத்த கல் பாவிய பாதை காட்டுக்குள் வளைந்து வளைந்து மேலே போகிறது. வழியில் மூலிகைக் குளியல் மண்டபம். மருந்து அரைத்த கற்கள் அங்கே இன்னமும் கிடக்கின்றன. அதற்கும் மேலே, சிறு கற்பாலத்தால் இணைத்த இரட்டை மேடைகள். அவற்றில்தான் துறவிகள் தியானம் செய்தார்கள். பத்தாம், பதினோராம் நூற்றாண்டுச் சோழர் படையெடுப்புகளோடு இந்த இடம் கைவிடப்பட்டுக் காடு மூடிப்போனது. 1893 இல் தொல்பொருள் ஆய்வாளர் எச். சி. பி. பெல் வந்து ஆராய்ந்த பிறகுதான் வெளியுலகம் விபரமாக அறிந்தது. ஆறுதலாக நடந்து பார்க்க இரண்டு மணித்தியாலமாவது வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது அதில் பாதியும் இல்லை.

அப்புறம் உச்சி. இடிபாடுகள் முடிகிற இடத்தில் ஒரு ஒற்றையடிப் பாதையைக் காட்டி, தலைக்கு இன்னும் 2,000 ரூபா தந்தால் ‘ஆட்களைச் சரிக்கட்டி’ மேலே கூட்டிப்போகலாம் என்றார் கைட். வெளிச்சம் குறைகிற நேரம், யானை திரிகிற காடு, கூட வந்தவர்களோ நடக்கவே கஷ்டப்படுகிறவர்கள். அப்போ எங்களிடம் வாங்கிய பெர்மிட் எங்கே என்று கேட்டேன். ஏற்பாட்டாளருக்குக் கோல் எடுக்கச் சொன்னார். அவர் எடுக்கவில்லை. சட்டவிரோதமாக ஏறி, அங்கே யாருக்காவது ஒன்று நடந்திருந்தால் யார் பொறுப்பு? ஏறமாட்டோம் என்று சொல்லி எல்லாரையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

ஊருக்கு வந்து ஏற்பாட்டாளரிடம் காசைத் திருப்பிக் கேட்டபோது முதலில் “அது டிரைவரின்ர பிழை” என்றார். பிறகு “காலநிலை சரியில்லாததால உச்சி மூடியிருந்தது” என்றார். அன்று ஒரு துளி மழையும் இல்லை. குரல் பதிவை அவருக்கே திருப்பி அனுப்பியதும் என் நம்பரைத் தடுத்துவிட்டார். காசு போனது ஒரு தனிநபரின் வங்கிக் கணக்குக்கு. பற்றுச்சீட்டு என்று அவர் அனுப்பிய படத்தில் பதிவு இலக்கமும் இல்லை, விலாசமும் இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்துச் சொல்லி, எழுத்திலும் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபைக்கும் கொடுத்திருக்கிறேன்.

ரிட்டிகலவுக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. கட்டாயம் போங்கள், தெரிந்த ஒருவரின் வானை நாள் வாடகைக்குப் பிடித்துக்கொண்டு போங்கள். இருட்டோடு வெளிக்கிட்டு, முதலில் ரிட்டிகல, கடையும் தோட்டமும் பிறகு என்று டிரைவரிடம் ஏறும்போதே சொல்லிவிடுங்கள். ரிக்கெட்டை வாசலில் நீங்களே வாங்கி, துண்டைக் கையில் வைத்திருங்கள். சுற்றுலா வழிகாட்டிகளுக்கு அதிகாரசபை அடையாள அட்டை கொடுக்கிறது. அட்டை காட்டாதவரோடு நடக்காதீர்கள். வயதானவர்களை மேல் மேடைகள் வரை கொண்டுபோகாமல் குளத்தடியிலும் குளியல் மண்டபத்தடியிலும் இருத்திப் பார்க்க வைக்கலாம், அதுவே மனம் நிறைய வைக்கும்.

அடுத்த பயணத்துக்கு ஏற்கெனவே அட்வான்ஸ் கட்டியவர்கள், அந்தப் பெர்மிட்டின் பிரதியை இன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் காசைத் திருப்பிக் கேளுங்கள். என்னைப் போல் ஏற்கெனவே போய் வந்தவர்கள், காசு கட்டிய சிட்டையையும் விளம்பரத்தின் படத்தையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைத் தருகிறேன், உங்களுடையதையும் அதோடு சேர்த்துக் கொடுப்போம்.