தொல்லை தராத சிறுநீர்க் கிருமிக்கு ஆன்டிபயாடிக்: சர்க்கரை நோயுள்ள பெண்கள் கவனத்திற்கு

முழு உடல் பரிசோதனையில் வந்த யூரின் கல்ச்சர் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) முடிவை மட்டும் காட்டி ஆன்டிபயாடிக் எழுதித் தந்தால், வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில், சர்க்கரை நோயுள்ள என் அம்மாவின் சிறுநீரில் ஈ.கோலை கிருமி மில்லிலிட்டருக்கு 1 லட்சத்துக்கு மேல் இருப்பதாக அறிக்கை தந்தார்கள். எரிச்சலோ காய்ச்சலோ இடுப்பு வலியோ அவருக்கு இல்லை என்று சொல்லியும், "சுகர் இருக்கிறது, விட்டால் கிட்னிக்குப் போய்விடும்" என்று ஒஃப்லாக்சசின் எழுதினார்கள். அது முடிந்ததும் மீண்டும் கல்ச்சர், மீண்டும் கிருமி, அடுத்து செஃபிக்சிம். இறுதியில் அவ்விரு மருந்துகளுக்கும் கிருமி கட்டுப்படவில்லை என்று அறிக்கை வந்தது. அட்மிட் ஆகி மெரோபெனம் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அதற்குள் அம்மா வயிற்றுப்போக்கில் துவண்டிருந்தார். நாங்கள் அணுகிய வேறொரு மருத்துவர், சிகிச்சையே தேவையில்லை என்று எல்லாவற்றையும் நிறுத்தினார்; அம்மா நலமாக இருக்கிறார்.

"சுகர் இருக்கிறது" என்ற அந்தக் காரணம் எப்போதோ சோதித்துப் பார்க்கப்பட்டுவிட்டது. 2002இல் வெளியான கனடா ஆய்வு ஒன்றில், அறிகுறியின்றிக் கிருமி மட்டும் இருந்த 105 சர்க்கரை நோயுள்ள பெண்களை இரு பிரிவாகப் பிரித்துக் கவனித்தபோது, மருந்து பெற்றவர்களுக்குப் பிற்பாடு சிறுநீர்த் தொற்று குறையவில்லை. அவர்கள் ஆன்டிபயாடிக் உட்கொண்ட நாட்கள்தான் மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்காயின. அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர்கள் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலும், இத்தகையோரிடம் இக்கிருமியைத் தேடவும் வேண்டாம், கண்டாலும் மருந்து தர வேண்டாம் என்கிறது. கூடவே சீழணுக்கள் தென்படுவதும் மருந்துக்குக் காரணமாகாது. ஆனால் பரிசோதனைத் தொகுப்பில் கல்ச்சரைச் சேர்த்தால் கட்டணம் கூடும் அல்லவா!

மருந்து சிறுநீர்ப்பையோடு நிற்பதில்லை. குடலிலுள்ள ஈ.கோலையில் மருந்துக்கு மடிபவை மடிய, எதிர்ப்புத்திறன் கொண்டவை பெருகுகின்றன. பின்னர் சிறுநீர்ப்பாதைக்கு வந்து சேர்பவையும் அவையே. நாளை உண்மையான தொற்று வந்தால், மாத்திரையில் தீர வேண்டியது ஊசியில் போய் நிற்கும்.

கர்ப்பிணிகளுக்கும், உட்சவ்வு காயப்படக்கூடிய சிறுநீர்ப்பாதை அறுவைச் சிகிச்சைக்குச் செல்வோருக்கும் இது பொருந்தாது. அவர்களுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் பரிசோதனையும் மருந்தும் தேவை. எரிச்சல், குளிர்காய்ச்சல், விலா வலி இருந்தால் அது நோயேதான், உடனே மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள் தாமாக நிறுத்தாமல், "எந்த அறிகுறிக்காக இது?" என்று எழுதித் தந்தவரிடமே கேளுங்கள், பதில் திருப்தி தராவிட்டால் கல்ச்சர் அறிக்கையுடன் இன்னொரு மருத்துவரிடம் செல்லுங்கள்.